அரசாணிக்காலுக்கு ஒரு போத்து

அந்த வீட்டில் பெரியநாயகிதான் தொலைபேசி. மகன் பழமலைநாதன் கூடத்தில் உட்கார்ந்தபடி, "அம்மா, சோறு போடச் சொல்லு" என்பான். மருமகள் அன்புக்கரசி அடுப்படியிலிருந்து, "அத்த, ரசம் இன்னும் நுரை கட்டலன்னு சொல்லுங்க" என்பாள். இருவருக்கும் நடுவில் ஒரு நிலைப்படிதான். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் தெளிவாக விழும். ஆனாலும் பெரியநாயகி அதைத் திரும்பச் சொன்ன பிறகுதான் பதில் வரும். முட்டிவலி அதிகமான நாட்களில் அவள் சலித்துக்கொள்வாள்: "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்குது? நான் செத்தா எவளக் கூலிக்கி வச்சிப் பேசுவீங்க?"

பழமலைநாதன் தன் மனைவியோடு பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. காரணம் ஒரு சூளை.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பட்டறையில் அவன் சூளை மேஸ்திரி. ஃபியூஸ் கட்டையோ ஊறுகாய் ஜாடியோ பொம்மையோ, எது உள்ளே போனாலும் அவன் பார்த்துச் சொன்னால்தான் நெருப்பை ஏற்றுவார்கள், அவன் சொன்னால்தான் தணிப்பார்கள். அதே பட்டறையில் அன்புக்கரசி பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள். தமிழ் எம்.ஏ. படித்தவள். படித்த படிப்புக்கு வேலை வரும்வரை என்று சேர்ந்தவள், கண் எழுதுவதிலேயே இருந்துவிட்டாள்.

நவராத்திரிக்கு முந்திய அவசரத்தில் ஒரு நாள் அவன் சூளை ஆறும் முன்பே கதவைத் திறந்துவிட்டான். வெளிக்காற்று உள்ளே போனதும் டிக், டிக் என்று சத்தம் கேட்டது. அடுக்கி வைத்திருந்த பொம்மைகளில் பாதி விரிசல் விட்டன. முதலாளி வந்து கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, அன்புக்கரசிதான் வாயைத் திறந்தாள்.

"ஆறட்டும்னு சொன்னேன். அவுருதான் அவசரப்பட்டுத் தொறந்துட்டாரு."

பொய் இல்லை. முதலாளி திட்டவும் இல்லை, சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பழமலைநாதன், "அம்மா, டீ போடச் சொல்லு" என்றான். ஆரம்பம் அதுதான். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அன்புக்கரசி நினைத்தாள். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. ஒருநாள் அவன் செருப்பு மாட்டும்போது எதிரில் போய் நின்று, "தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றாள். அவன் செருப்பு வாரைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனான்.

மற்றபடி அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிக்கலே அதுதான். குடிப்பதில்லை. கை ஓங்கியதில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போவான். குழந்தை இல்லை, அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு உறவுக்காரர்களும் களைத்துவிட்டார்கள். ஒருமுறை அவள் கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய், "இனிமே நான் அங்க போவ மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"அடிக்கிறாரா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்ல."

"வேற எவளாவது?"

"இல்லம்மா. பேச மாட்டேங்குறாரு."

"ஒங்கப்பா மட்டும் எங்கிட்ட என்னத்தப் பேசிக் கிழிச்சாரு? அங்க ஒங்க கல்யாணப் போத்து எப்புடித் தழைச்சி நிக்குது! அதப் பாத்துட்டுமாடி இப்புடிப் பேசுற?"

மூன்றாம் நாள் அம்மாவே பஸ் ஏற்றி அனுப்பிவைத்தாள்.

அம்மா சொன்ன போத்து, பெரியநாயகி வீட்டுக் கொல்லையில் நிற்கும் கல்யாண முருங்கை. கல்யாணத்தில் மணமேடை ஓரம் அரசாணிக்கால் என்று ஒரு கிளையை நடுவார்கள். சடங்கு முடிந்ததும் அதைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் ஊன்றுவார்கள். புதுப்பெண் தண்ணீர் ஊற்ற வேண்டும். துளிர்த்தால் குடும்பம் தழைக்கும். அன்புக்கரசி ஊற்றினாள், துளிர்த்தது. துளிர்த்ததோடு நிற்காமல் கூரையைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாடிக்கே நிழல் கொடுத்தது. மாசி மாதம் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். "குடுத்து வச்சவ" என்பார்கள்.

வழக்கு என்று ஒன்று நடந்தால் இந்த மரம் எதிர்த்தரப்புச் சாட்சி என்று அன்புக்கரசி நினைத்துக்கொள்வாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அது எழுந்து நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

அந்த ஆத்திரத்தில்தானோ என்னவோ, சென்னையில் ஒரு சிறு பதிப்பகம் விருத்தாசலம் பக்கத்து நடு நாட்டுப் பேச்சுச் சொற்களுக்கு அகராதி தயாரிக்கிறது என்று போனில் ஒரு செய்தி வந்தபோது, அவள் முதலில் சொல்லி அனுப்பிய சொல் 'போத்து'. பொம்மைக் கண் காயும் நேரத்தில், பட்டறைக் கழிப்பறைப் பக்கம் நின்று குரல்பதிவு செய்து அனுப்பினாள். அடுத்த வாரம் பிரபா என்ற பதிப்பாசிரியர் கூப்பிட்டார்.

"மரத்தோட உறுப்புகளுக்கு வரிசையா பேர் இருக்கில்லையா, கவை, கொம்பு, கிளை, சினைன்னு? பிரியப் பிரியச் சின்னதாகிட்டே போற வரிசை. அதுல போத்து சினைக்கும் அப்புறம்தான் வருது. அப்படின்னா மெல்லிசா இருக்கணும். நீங்க கைத் தடிமன்ல இருக்கறதப் போத்துன்னு சொல்றீங்களே?"

"எங்க ஊருல தடிமனப் பாக்க மாட்டாங்க மேடம். மரத்துல இருக்குற வரைக்கும் அது கிளைதான். வேற எடத்துல நடறதுக்காக வெட்டுனாத்தான் போத்து. கிளுவைப் போத்து, பூவரசம் போத்து, முருங்கைப் போத்துன்னு. வேலிக்கு நடுவாங்க."

"வேம்பு, புளி?"

"அதெல்லாம் வெட்டி நட்டா லேசுல வராதில்ல? வேப்பம் போத்துன்னு எங்க பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதில்ல."

"சொல் எங்கேருந்து வந்திருக்கும்?"

"மலரப்போற அரும்புக்குப் போதுன்னு பேரு இருக்கே, அதே வேரா இருக்கலாம். உள்ள உயிர் இருக்குது, இன்னும் வெளிய வரல. ஆனா அடிச்சிச் சொல்ல மாட்டேன் மேடம். எனக்குப் பிடிச்சிருக்குங்கறதுக்காக அது உண்மையாயிடாதில்ல?"

பிரபா அதைக் குறித்துக்கொண்டார். பத்து நாள் கழித்து வேலை கொடுத்தார். ஒரு வருஷம், சென்னையில் தங்கி. "ஒரே ஒரு கேள்வி. கிளை எந்த நிமிஷத்துல போத்தாகுது? எப்ப போத்தா இல்லாமப் போகுது? ஊர்ல கேட்டுட்டு வாங்க. திங்கக்கிழமை சேரணும்."

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் பழமலைநாதனின் தம்பி இனியவனுக்குக் கல்யாணம்.

அன்புக்கரசி யாரிடமும் சொல்லவில்லை. பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற சுபாவம் அவளுக்கு. இப்போது நொடிக்கொரு தரம் போனைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்த பஸ் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தாள். யாராவது "போனக் கொஞ்சம் குடு" என்றால் டிக்கெட் பக்கத்தை மூடிவிட்டுக் கொடுத்தாள். துணிப்பையை அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள். போகிறேன் என்று புருஷனிடம் சொல்லவேண்டும். சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. வாங்கிக்கொள்ள அவனிடம்தான் காது இல்லை. மாமியாரிடம் சொன்னால் மாமியார் அழுவாள். அழுதால் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அம்மா வந்து மரத்தைக் காட்டுவாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் பக்கிரி வந்தார். பெரியநாயகியின் அண்ணன், அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எதற்கும் அவர் வைத்ததுதான் சட்டம். வந்ததும் நேரே கொல்லைக்குப் போய் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அடேயப்பா! எங்க பழமல சூளைய மட்டுமில்ல, சம்சாரத்தையும் சூடு கொறையாம வச்சிருக்கான்டா."

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அன்புக்கரசியும் சிரித்துவைத்தாள்.

அந்த வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. தம்பி கல்யாணத்துக்கு அரசாணிக்கால் அண்ணன் கல்யாண மரத்திலிருந்துதான் வரவேண்டும். அண்ணன் மனைவி தன் கையால் வெட்டி, மஞ்சள் பூசி, பெண்ணைப் பெற்றவளிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, "நான் வாழுற மாதிரி ஒம் பொண்ணும் வாழட்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"வியாழக்கிழம காலையில ஆயி, பொண்ணு வூட்டுக்காரங்க நல்லூர்லேருந்து வந்துடுவாங்க. தலைக்குக் குளிச்சிட்டு ரெடியா இரு" என்றார் பக்கிரி.

அன்புக்கரசி 'நான் வாழுற மாதிரி' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லோர் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் எந்த முகத்தோடு படி இறங்குவது? அதோடு இனியவனுக்கு வரப்போகும் நல்லூர்க்காரப் பெண் தமிழினி. வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணி, "அக்கா, அங்க வூடு எப்புடி இருக்கும், எல்லாரும் எப்புடிப் பேசுவாங்க" என்று கேட்கிற பெண். அவளுக்கா இந்த வாழ்க்கையை வெட்டிக் கொடுப்பது?

எதையாவது பேசினால் தேவலை என்று தோன்றியது. "பெரியப்பா, கிளை எப்ப போத்தாவுது?" என்று கேட்டாள்.

"ஏன் ஆயி, கோர்ட்டுல கேக்குறாங்களா?"

"சும்மாதான், சொல்லுங்க."

"வெட்டுறவன் நெனப்புதான். நடணும்னு நெனச்சி வெட்டுனா போத்து. அடுப்புக்குன்னு வெட்டுனா வெறவு. ஆட்டுக்குன்னா தழ."

"துளுத்த பொறவு?"

"அப்புறம் அது மரமாச்சே. மரத்தப் போயி எவன் போத்துன்னுவான்?"

"துளுக்கலன்னா?"

பக்கிரி தங்கையைப் பார்த்தார். பெரியநாயகி கையிலிருந்த முறத்தைப் பார்த்தாள். "துளுக்கலன்னா வேற ஒண்ணு நடுறதுதான்" என்று முணுமுணுத்துவிட்டு அவர் பந்தல்காரனைப் பார்க்கப் போய்விட்டார்.

மத்தியானம் பெரியநாயகி அரிசி எடுக்க டிரம் பக்கம் போனாள். போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. திரும்பி வந்தபோது கையில் அரிசி இல்லை.

"பையப் பாத்தேன்" என்றாள்.

அன்புக்கரசி அம்மிமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் நீ எங்க வேணாப் போ. மொத நட்ட போத்து பட்டுப்போச்சி. ஆடிக்கி நீ அம்மா வூட்டுக்குப் போயிருந்தப்ப. பட்டையெல்லாம் அழுவிப்போயி நாத்தம். பழமல பாத்துட்டு அன்னிக்கிப் பூரா சாப்புடல. மறுநாளு வேப்பூருக்குப் போயி, எங்கயோ கெஞ்சிக் கேட்டு, பஸ்ஸுல நின்னுகிட்டே வேற போத்து கொண்டாந்து நட்டான். 'அவளுக்குத் தெரிய வேணாம்மா, மனசு ஒடஞ்சிடுவா'ன்னான். அண்ணனுக்கும் எனக்கும்தான் தெரியும்." முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "ஒம்மேல ஆச இல்லாமயா?"

அன்புக்கரசிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆடி முடிந்து திரும்பியவளை வாசலிலிருந்தே கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனவன் அவன்தான். "பாத்தியா, பாத்தியா, துளுத்துடிச்சி!" என்றான். இரண்டே இரண்டு இலை, வெளிர்ப்பச்சை. அவள் சந்தோஷத்தில் அழுதாள். இவ்வளவு நாளும் அவளைக் கட்டிப்போட்டிருந்தது மரமும் இல்லை, தெய்வமும் இல்லை. ஒரு மனுஷன் செய்த காரியம். போத்துக்காக வேப்பூர் வரைக்கும் போன கால், ஒரு நிலைப்படியைத் தாண்டவில்லை.

அத்தை இதைச் சொன்னது தன்னைப் போகவிடாமல் செய்யத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. பாதி வேலையும் செய்தது. அன்று அவள் பையைத் தொடவில்லை. ஒரு வார்த்தை போதும் என்று நினைத்தாள். அவன் அவளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை பேசட்டும். போத்தை வெட்டித் தரலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லலாம், டிக்கெட்டைக்கூட ரத்து செய்துவிடலாம்.

வியாழக்கிழமை காலையில் கொல்லை நிறைய ஆட்கள். தமிழினியின் அம்மா அம்சவல்லி மஞ்சள் தட்டோடு நின்றாள். பக்கிரி தண்ணீர் தெளித்து அரிவாளை அன்புக்கரசி கையில் கொடுத்தார். எட்டுகிற உயரத்தில் ஒரு கிளைக்கு ஏற்கெனவே மஞ்சள் துணி கட்டியிருந்தது. பழமலைநாதன் புது வேட்டியோடு துவைக்கிற கல் பக்கத்தில் நின்றான்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அன்புக்கரசி. அரிவாளைத் தாழ்த்திப் பிடித்தாள். "வெட்டச் சொல்லி அவுரு எங்கிட்ட சொல்லட்டும். வெட்டுறேன்."

ஒரே சிரிப்பு. "ஆங், புது வழக்கம்!" என்றாள் ஒருத்தி. "அண்ணிக்கி இன்னிக்கித்தான் வெக்கம் வருது" என்றான் இனியவன்.

"டேய் பழமல, ராணி உத்தரவு கேக்குது. குடுடா" என்றார் பக்கிரி.

பழமலைநாதன் மரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஓர் அடி முன்னால் வந்தான். சொல்லிவிடுவான் என்றே நினைத்தாள்.

"அம்மா" என்றான். "வெட்டித் தரச் சொல்லு."

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். பெரியநாயகி வாயைத் திறக்கவில்லை. அம்சவல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன், அவங்களுக்குக் காது கேக்காதா?"

"கேக்கும் சித்தி" என்றாள் அன்புக்கரசி. "நாலு வருஷமா இப்புடித்தான்."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், வெட்டு ஆயி, நேரம் போவுது" என்று பக்கிரி இடையில் புகுந்தார். ஆனால் அம்சவல்லி மஞ்சள் தட்டைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டாள். கோபமாக வைக்கவில்லை, சூடான பாத்திரத்தை இறக்குவது போல மெதுவாக வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. எம் பொண்ணுக்கு இந்தப் போத்து வேணாம். எங்க கொல்லையிலயே ஒரு மரம் நிக்குது. அதுல வெட்டிக்கறோம்."

அரிவாளை எங்கே வைப்பது என்று அன்புக்கரசிக்குத் தெரியவில்லை. கடைசியில் மரத்தடியிலேயே சாய்த்து வைத்தாள். மஞ்சள் துணி கட்டிய கிளை அப்படியே நின்றது. ஜெயித்தது மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. எல்லோரும் போன பிறகு இனியவன் வந்து, "என் கல்யாணத்துலதானா அண்ணி இத வச்சிக்கணும்?" என்றான். அதன் பிறகு அவனும் பேசவில்லை. ஆக அந்த வீட்டில் அவளோடு பேசாதவர்கள் இப்போது இரண்டு பேர்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. நல்லூர்ப் போத்து அரசாணிக்காலாக நின்றது. தமிழினி மேடையிலிருந்து இவளைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். அன்புக்கரசியின் அம்மாவும் வந்திருந்தாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்துவிட்டாள். மரத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்புக்கரசி பையை டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கூடத்தில் எல்லோரும் பார்க்க வைத்தாள்.

"அத்த, மெட்ராசுல வேல கெடைச்சிருக்கு. ஒரு வருஷம். இன்னிக்கிக் கெளம்பறேன்னு சொல்லுங்க."

பழமலைநாதன் நாற்காலியில் பேப்பரை விரித்தபடி இருந்தான். பெரியநாயகி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பச் சொல்லவில்லை. முறம் மட்டும் சரக் சரக் என்று கேட்டது.

தண்ணீர் பாட்டில் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனபோது அன்புக்கரசி அதைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் மேல், வழக்கமான இடத்தில், ஒரு அட்டை மாத்திரை. பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்கப் போடுவது. அப்படியென்றால் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்து, மருந்துக் கடைக்குப் போய், வாங்கிவந்து வைத்திருக்கிறான். இப்படித்தான், இதே மாதிரி ஒவ்வொன்றால்தான், நாலு வருஷம் ஓடியது. மாத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வாந்தி வரும் என்பது உண்மைதானே.

ஆட்டோ வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அவள் பையைத் தூக்கி நிலைப்படியில் கால் வைத்தாள்.

"அம்மா" என்றான் பழமலைநாதன். "எப்ப வருவான்னு கேளு."

முறம் நின்றது.

"எனக்குக் காது கேக்கல" என்றாள் பெரியநாயகி.

அன்புக்கரசி நிலைப்படியிலேயே நின்றாள். அவன் பேப்பரை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அன்று ஆறட்டும் ஆறட்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, கேட்காமல் சூளைக் கதவைத் திறந்தவன்தான். ஆட்டோக்காரர் இரண்டாவது முறை ஹாரன் அடித்தார். அவளும் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். கொல்லைப் பக்கமிருந்து வந்த காற்றில் உளுந்துத் தோல் கூடம் பூராவும் பறந்தது.

"போயிட்டு வரேன் அத்த" என்றாள்.

'சொல்லிடுங்க' என்று எதையும் சேர்க்கவில்லை. ஆட்டோ தெரு முனை திரும்பும்வரை, பையின் ஜிப்பைச் சரியாக மூடியிருக்கிறோமா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.